அப்பாவின் போனுக்கு வரும் ஆறு எண்

எங்கள் குடும்பத்தில் இதுவரை விமானமே ஏறாத ஒரே ஆள் அப்பா. விமான நிறுவனத்தின் கணக்குப்படி எங்கள் குடும்பத் தலைவரும் அவர்தான். ஏதோ விவரம் தெரியாதவர்கள் செய்த காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று பட்டதாரிகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அச்சு முறுக்கு தின்றுகொண்டே செய்தது. அண்ணன் இன்ஜினியர், தங்கச்சி கம்ப்யூட்டர், நான் கால்நடை மருத்துவர். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஒரு மூளை வேலை செய்திருந்தால் போதும், தப்பித்திருப்போம்.

அண்ணன் துபாயில் இருக்கிறான். உலகத்தில் எந்த மூலையில் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டாலும் போய் எழுப்பிவிட்டு வருகிற வேலை. மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில். பறக்கப் பறக்க அவன் கணக்கில் மைல் ஏறும். மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாதது, அந்த மைல்களைக் குடும்பமே சேர்த்துவைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது அண்ணன் லேப்டாப்பைத் திறந்து அந்தச் சேதியைச் சொன்னான். எல்லோர் பெயரையும் ஏற்றினோம். அடுத்த கட்டத்தில் 'குடும்பத் தலைவர்' என்று இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அப்பாவைப் பார்த்தோம். யாரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரேஷன் கார்டில் அவர், நிலத்துச் சிட்டாவில் அவர், பங்குக் கோயில் குடும்ப அட்டையில் அவர். குடும்பத் தலைவர் என்று எங்கே போட்டிருந்தாலும் அப்பா பெயரை எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். அப்பா அப்போது ஒரு விசைத்தெளிப்பானைப் பிரித்துப் போட்டு நாசிலில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க போன் நம்பர் போட்டுடறோம்பா," என்றான் அண்ணன்.

"போட்டுக்க. எதுக்கு?"

"ஏரோப்ளேனுக்கு."

"ம்," என்றார், நாசிலை ஊதிக்கொண்டே.

தலைவர் என்றால் என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. குடும்பத்தில் யார் எங்கே பறந்தாலும் மைல் தலைவரின் கணக்கில் போய் விழும். அங்கிருந்து யார் எடுப்பதானாலும் தலைவரின் போனுக்கு ஓர் ஓடிபி வரும். ஆறு எண். பத்து நிமிடம்தான் அதற்கு ஆயுள். போன் நம்பரை மாற்றலாமா என்றால் மாற்றலாம், தலைவர் தன் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒப்புதல் தரவேண்டும். அப்பாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. எடுங்கள் என்றால், "எங்க போறதுக்கு?" என்பார். சரி, தலைவரையே மாற்றலாமா? குடும்பத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம், ஆனால் கலைத்தால் அதுவரை சேர்ந்த மொத்த மைலும் பழைய தலைவரோடேயே தங்கிவிடும். அந்த நிறுவனத்து ஆளிடம் அண்ணன் போனில் இரண்டு மணி நேரம் மன்றாடினான். அந்தப் பெண் கடைசியில், "உங்கள் அப்பாவுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள் சார்," என்று வைத்துவிட்டாளாம்.

அப்பாவுக்கு இதில் புரிந்தது ஒரே ஒரு விஷயம். அதையும் எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். சேர்ந்த மைலைப் பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும்ப்பா."

"அப்ப கடல்ல போயி விழுந்துடும்ங்கிற."

நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களைப் பார்க்க வரும். எங்களைத் தாண்டினால் கடல். ஆகவே அன்றிலிருந்து அப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்து, "மைலு எதுவும் வீணாப் போவலியே?" என்று விசாரிப்பார். வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணனுக்கு நேரமில்லை, தங்கச்சி சிட்னியில் இருக்கிறாள், நான் பக்கத்தில் ஒரத்தநாட்டில் இருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன மரியாதையோ அது எனக்கும் கிடைத்தது.

டிக்கெட் போடுவது ஒரு திருவிழா. அப்பாவின் போன் பொத்தான் போன். தொடுதிரை போன் இரண்டு முறை வாங்கிக் கொடுத்தோம். ஒன்று மோட்டார் குழியில் விழுந்தது, இன்னொன்றை அம்மா எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறாள். சிம் கார்டு மட்டும் பொத்தான் போனை விட்டு நகராது. அறுவடை மிஷின்காரரிலிருந்து உரக்கடைக்காரர் வரை எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். அந்தச் சிம்முக்கு எங்கள் வீட்டுக்குள் டவரும் சரியாகக் கிடைக்காது. வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அப்பாவும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். ஆனால் அவருக்குக் கிட்டத்துப் பார்வை போய்விட்டது, கண்ணாடியை வயலுக்கு எடுத்துப்போக மாட்டார். அதனால் நான் முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லிவிட்டால், அவள் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரப்பில் ஓடி, அப்பா இடுப்பிலிருந்து போனைப் பிடுங்கி, வந்த எண்ணைப் படிப்பாள்.

முதல் தடவை, "நாலு லட்சத்துத் தொண்ணூத்தோராயிரத்து எரநூத்தி..." என்று ஆரம்பித்தாள். நான் அதைத் திரும்ப எண்களாக உடைத்துத் தட்டுவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. அன்றைக்கு நடவு. அடுத்த எண் வந்தபோது அம்மா ஒவ்வொன்றாகக் கத்திக் கத்திச் சொன்னாள். வயலில் குனிந்திருந்த பெண்கள் அவளுக்குப் பின்னாலேயே கோரஸாகச் சொன்னது எனக்குப் போனில் கேட்டது. ரகசிய எண்ணை யாரிடமும் பகிராதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். எங்கள் எண் ஊருக்கே தெரியும்.

அந்த டிக்கெட்டுகளில் யார் பறந்தார்கள் என்று கேட்டால், அம்மாதான். அம்மா எதற்குப் பறந்தாள் என்று கேட்டால், பிரசவம் பார்க்க. அண்ணிக்குத் துபாயில் இரண்டு, தங்கச்சிக்குச் சிட்னியில் இரண்டு. என் பிள்ளைகள் இரண்டும் தஞ்சாவூரில் பிறந்ததால் அதற்கு மட்டும் பஸ்ஸில் வந்தாள். எந்த ஊரானாலும் பெட்டியில் இருப்பது ஒன்றுதான்: பூண்டு, சுக்கு, பிரசவ லேகியம், குழந்தைக்குக் கட்டப் பழைய வேட்டித் துணி. சிட்னி விமான நிலையத்தில் லேகியத்தை ஓர் அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாராம். அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுவது போலக் கையை ஆட்டினாளாம். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி இப்படிச் செய்தால் அவர் என்ன நினைத்திருப்பாரோ, டப்பாவை மூடிக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நானும் பிரசவம் பார்க்கிறவள்தான், மாட்டுக்கு. போய்வர அரசாங்கம் ஜீப் தரும், நேரம் தவறினால் பேறுகாலம் முடிந்ததும் மாட்டுக்காரர் காப்பி தருவார். அம்மாவுக்கு நாங்கள் தந்தது ஜன்னலோர இருக்கை. சிட்னியில் என்ன பார்த்தாய் என்று ஒருமுறை கேட்டேன். சமையலறை நன்றாக இருந்தது, தண்ணீர் நல்ல வேகமாக வந்தது என்றாள். மொத்தம் பதினொரு மாதம் இருந்திருக்கிறாள். சிட்னி என்றாலே படத்தில் வருகிற, கடலோரத்து அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது பார்த்திருக்கிறாள்.

இப்படிப் பறந்ததில் அந்த நிறுவனம் அவளுக்கு வெள்ளி உறுப்பினர் அட்டை அனுப்பியது. கூடவே பெட்டியில் கட்ட ஓர் அடையாளப் பட்டை. அதை அம்மா, கோயிலுக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துப்போகும் பையில் கட்டியிருக்கிறாள். மைல் போதாமல் அண்ணன் காசு கொடுத்து வாங்கிய ஒன்றிரண்டு டிக்கெட்டில் அம்மா பறந்தபோது அவள் பங்குக்கும் கணக்கில் மைல் விழுந்தது. அந்த மைலில் நானும் என் வீட்டுக்காரரும் கல்யாண நாளுக்குப் பாலித் தீவு போய் வந்தோம். எண் படித்துச் சொன்னதும் அம்மாதான். "நல்லா இருங்க," என்றாள் ஆறாவது எண்ணுக்குப் பிறகு. எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

இந்த இடத்தில் சிஸ்டர் சித்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர். பதினேழு வயதில் மடத்தில் சேர்ந்தார். பல வருடமாக இத்தாலியில், ரோமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், வயதாகிப் படுத்துவிட்ட கன்னியர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொள்கிறார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் ஊருக்கு வர விடுப்பு. வந்தால் அம்மாவும் அவரும் ஒரே கட்டிலில்தான் படுப்பார்கள். அப்பா தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார். ஒருநாள் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு, கடற்கரையில் மீன் வறுவல் வாங்கித் தின்று, வயிறு சரியில்லாமல் இரண்டு பேரும் திரும்பி வருவது ஒவ்வொரு விடுப்பிலும் நடக்கும். அந்த ஒரு மாதம் அம்மா எங்கள் யாருக்கும் அம்மா இல்லை. கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள்.

ஐந்து வருடத்துக்கு முன் தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவம். மைலில் டிக்கெட் எடுப்பதில் உள்ள சிக்கல், நாம் கேட்கிற தேதியில் இருக்கை இருக்காது. அவர்கள் தருகிற தேதியில்தான் பிள்ளை பெற வேண்டும். நான் தேடியபோது ஒரே ஓர் இருக்கை இருந்தது. அது சித்தி ஊருக்கு வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால். அம்மாவிடம் சொன்னேன். "வேற தேதி இல்லியாடி?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்திருந்தால் இருந்திருக்கும், காசு கொடுத்தால் அன்றைக்கே இருந்திருக்கும். இரண்டையும் நான் யோசிக்கவில்லை. "சித்தி அடுத்த தடவ வருவாங்கல்லம்மா," என்றேன். அம்மா வரப்பில் ஓடிப்போய் எண்ணைப் படித்துச் சொன்னாள்.

சித்தி வந்தார். அக்கா இல்லாத வீட்டில் முப்பது நாள் இருந்தார், அப்பாவுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு. அக்காவும் தங்கையும் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சிட்னியில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டு, ஒருத்தி கீழ்வேளூரில் மாமாவுக்குத் தோசை சுட்டுக்கொண்டு. போகும்போது சித்தி சமையலறையில் இருந்த அத்தனை டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போனார், துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, வெந்தயம் என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டான எழுத்தில். அந்தத் தாள்களை அம்மா இன்றுவரை கிழிக்கவில்லை. வெந்தயம் என்று எழுதிய டப்பாவில் ரவை இருக்கும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அதைக் கேலி செய்ய, சாப்பாடு முடியும்வரை அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

போன வருடம் சித்திக்கு இடுப்பெலும்பில் இரண்டாவது அறுவை சிகிச்சை. இனி நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடத்திலும் இனி ஊருக்கு அனுப்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. அதாவது அடுத்த தடவை என்று நான் சொன்னேனே, அது கிடையாது.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டே, "சிட்னிக்கு எஸ்-ஒய்-டி. துபாய்க்கு டி-எக்ஸ்-பி. ரோமுக்கு என்னடி மூணு எழுத்து?" என்று கேட்டாள். பெட்டியில் ஒட்டுகிற சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகள் அவளுக்குப் பாடம். நான் போனில் தேடி, எஃப்-சி-ஓ என்றேன். "அதுல ரோமே இல்லியேடி," என்றாள். கையைத் துடைத்துவிட்டு, பங்குக் கோயில் காலண்டரில் மே மாதத்தை எடுத்து ஓரத்தில் எழுதிவைத்தாள். நான் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் குடும்பம் மொத்தமும் வீடியோவில். தங்கச்சி முகமெல்லாம் சிரிப்பாக, மூன்றாவது பிள்ளை, மே கடைசியில் என்று அறிவித்தாள். எல்லோரும் வாழ்த்தினோம். அண்ணன் உடனே, "மைலு இருக்குல்ல?" என்று என்னைக் கேட்டான். ஓர் ஆள் போய்வர இருக்கிறது என்றேன். அப்போதுதான் அம்மா பேசினாள்.

"மே மாசம் பாப்பாவுக்குப் பொன்விழா. மடத்துக்குப் போயி அம்பது வருசம். நான் அங்க போவலாம்னு இருக்கேன். அவங்களே அழைப்புக் கடுதாசி அனுப்புறாங்களாம். மூணு வாரந்தான்."

அம்மா பாப்பா என்பது சித்தியை. அம்மா விமானம் ஏறுவது என்றால் எங்காவது ஒரு குழந்தை வெளியே வரவேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை.

அண்ணன்தான் அதைச் சொன்னான். "கன்னியர் மடத்துல யாருக்கும்மா பிரசவம்?"

நான் சிரித்துவிட்டேன். தங்கச்சி சிரித்தாள். அப்பாவுக்குப் புரையேறியது. அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அவளே சிரித்துவிட்டாள் என்பதால் அவள் கேட்டதும் விளையாட்டுதான் என்று எடுத்துக்கொண்டோம்.

அது விளையாட்டில்லை என்று தெரிந்தபோது தங்கச்சி அழ ஆரம்பித்தாள். மூன்றாவது பிள்ளை, முப்பத்தாறு வயது, வீட்டில் இரண்டு வாண்டுகள், தனியாக என்ன செய்வேன் என்றாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அப்பா கேட்டார். அப்போதுதான் ஓர் உண்மை வெளியே வந்தது: அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கும் மூன்று மாதம் லீவு தருகிறார்கள்.

"புருசனுக்குமா லீவு?" அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப போன ரெண்டு தடவையும் அவரு என்னம்மா பண்ணுனாரு?"

"அவருக்கு ரசம் வைக்கத் தெரியாதுப்பா."

"எனக்குந்தான் தெரியாது. அவ ஆறு மாசம் வராம இருந்தப்ப நான் இருக்கலியா?"

அண்ணன் குறுக்கே வந்து, காசு கொடுத்து இன்னொரு டிக்கெட் எடுப்பதற்கு இந்த வருடம் கை இறுக்கம், வேலையில் ஆள் குறைக்கிறார்கள் என்றான். ரோமுக்கு அடுத்த வருடம் கட்டாயம் போகலாம் என்றான். பொன்விழா அடுத்த வருடம் வராது என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்பா, நீங்கதான் குடும்பத் தலைவர், நீங்களே முடிவு பண்ணுங்க," என்று அண்ணன் தப்பிக்கப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அந்தப் பதவியை ஒருவர் மதித்துக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"வாய்க்காத் தண்ணி யாரு வயலுக்கு முதல்லன்னு கேளு, சொல்றேன்," என்றார் அப்பா. "இதுல என்னைய இழுக்காதீங்க. போறவளைக் கேளுங்க."

போகிறவள் எழுந்து நின்றாள். "சரி, ஒங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அம்மா சரி என்றால் சரிதான் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். நாற்பது வருடமாக எங்களுக்கு வசதியாக இருந்த ஏற்பாடு அது.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரியில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிற கூட்டம் முடிந்ததும் சிட்னிக்குத் தேடினேன். மே நடுவில் ஒரே ஓர் இருக்கை. தங்கச்சி அதற்குள் நான்கு முறை, 'போட்டாச்சா?' என்று கேட்டு அனுப்பியிருந்தாள். ஊருக்குப் போன் செய்து, கொட்டகைக்குப் போகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

"வந்துச்சாம்மா?"

"வரலியே."

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன். வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை. மூன்றாவது முறையும் போனதும், பாதுகாப்புக் காரணத்துக்காகக் கணக்கு நாளைவரை பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் எழுதியது. டவரைத் திட்டினேன். மறுநாளும் அதே கதை. "கொட்டகைக்கு வெளிய வந்து நில்லுங்க," என்று நான் கத்த, "வெளியதாம்மா நிக்கிறோம், வெயில்ல," என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார். அந்த இடத்தில் ஒன்பது வருடமாக ஒரு செய்தி தவறியதில்லை. மழையிலும் புயலுக்கு மறுநாளும்கூட வந்திருக்கிறது. தங்கச்சி பொறுமை இழந்து, அப்பாவின் போனைத் தூக்கி வாய்க்காலில் போடச் சொன்னாள்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்றின் கால் மடங்கிக் கிடந்தது. கொட்டிலில் முழங்காலிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலைத் தேடினேன். இந்த வேலையில் பிடி கிடைத்த பிறகு பசு முக்கும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஓடிபி செய்தியில் ஆறு எண் மட்டும் இருக்காது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று மூன்று மூன்று எழுத்தும் இருக்கும். திருச்சியிலிருந்து எஸ்-ஒய்-டி. ஒன்பது வருடமாக அதைப் படித்தவள் அம்மா. காலண்டரில் மே மாதத்து ஓரத்தில் வேறு மூன்று எழுத்தை எழுதிவைத்திருக்கிறவளும் அவள்தான். செய்தி வராமல் இல்லை. ஆறு முறையும் வந்திருக்கிறது. ஆறு முறையும் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைப் படித்து, பத்து நிமிடம் வெயிலில் நின்றிருக்கிறாள். அப்பாவும் கூட நின்றிருக்கிறார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அவள்மீது ஒரு நொடி, மிச்சமெல்லாம் என்மீது. பாலியிலிருந்து அவளுக்கு நான் வாங்கி வந்தது ஒரு சாவிக்கொத்து. அது நினைவுக்கு வந்து மேலும் வெட்கமாக இருந்தது. கன்று வெளியே வந்தது, கிடேரி. மாட்டுக்காரர் காப்பி கொண்டுவந்தார். வேண்டாங்க என்றேன். பம்ப் செட்டில் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு, ஈரத்தோடு ஜீப்பில் உட்கார்ந்து ரோமுக்குத் தேடினேன். பொன்விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் ஓர் இருக்கை இருந்தது. திரும்பி வர மூன்று வாரம் கழித்து. தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மாப்பிள்ளைக்கு ரசம் வைக்க நானே வீடியோவில் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கொட்டகைக்குப் போ என்று அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. அப்பா போன் எங்கே கிடக்கிறதோ, இதுவும் போச்சு என்று நினைத்து நம்பரைத் தேடுவதற்குள் என் போன் அடித்தது.

"ஏழு," என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "ரெண்டு. சைபர். நாலு. மறுபடி நாலு. ஒம்போது."

"அம்மா..."

"இரு, இன்னொரு தடவ சொல்றேன். ஏழு. ரெண்டு. சைபர். நாலு. நாலு. ஒம்போது."

"டவர் இன்னைக்கு நல்லாக் கெடைக்குதும்மா," என்றார் பின்னாலிருந்து அப்பா.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மன்னிப்புதான் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பேசாம அதப் போடுடி மொதல்ல," என்றாள். "பத்து நிமிசந்தான்."